விடிய விடிய ஓடும் கேமராவுக்கு ஒரு டம்மி பேட்டரி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பாபநாசம் வட்டத்து மெலட்டூரில் வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே நடைபெறும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தைப் படம்பிடிக்கப் போகிறவர்களுக்குத் தூக்கத்தைவிடப் பேட்டரிதான் பெரிய கவலை. இரவில் தொடங்கும் பிரகலாதன் கதை பின்னிரவைத் தாண்டி நீளும். தூண் பிளந்து நரசிம்மர் வெளிப்படும் கட்டம் விடியலை நெருங்கும் வேளையில்தான் வரும். என்னுடைய கேனான் 80டி கேமராவோ, சில ஆண்டுகள் பழகிய பேட்டரியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காணொளி எடுக்காது. ஐந்து பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஓர் இரவைக் கடத்திய அனுபவத்துக்குப் பிறகுதான், வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் டம்மி பேட்டரி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அதை ஓராண்டு பயன்படுத்திய பின்பு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கிய முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் இதை யாரும் வாங்க வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். அது தவறான தீர்ப்பாகவும் இருந்திருக்கும்.

பொருளை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். டம்மி பேட்டரி என்பது அசல் பேட்டரியின் அளவிலும் வடிவிலும் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் கட்டை. அதனுள் மின்கலம் ஏதும் இல்லை. கேமராவின் மின்முனைகளைத் தொடும் இரண்டு தகடுகளும், அவற்றிலிருந்து வெளியே வரும் ஒரு ஒயரும் மட்டுமே உண்டு. பேட்டரி மூடியின் ஓரத்தில் ரப்பரால் அடைத்த ஒரு சிறு துவாரத்தைக் கேமராவைச் செய்தவர்களே விட்டிருக்கிறார்கள்; ஒயரை அதன் வழியே வெளியே எடுத்துவிட்டு மூடியை முழுமையாக மூடிவிட வேண்டும். மூடி சரியாக மூடவில்லையென்றால் கேமரா இயங்காது. முதல் நாள் பலரும் திணறுவது இந்த இடத்தில்தான்.

இதே வேலைக்குக் கேனான் நிறுவனமே டிஆர்-ஈ6 என்ற கட்டையையும், 8 வோல்ட் தரும் ஏசி-ஈ6என் என்ற அடாப்டரையும் விற்கிறது. நான் வாங்கிய தொகுப்பின் விலை அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. பெட்டியில் செய்தவர் பெயர் எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. உள்ளே ஒரு டம்மி பேட்டரி, சுவரில் செருகும் அடாப்டர் ஒன்று, பவர் பேங்கில் செருகுவதற்கு நடுவில் ஒரு சிறு கட்டியோடு கூடிய யூஎஸ்பி ஒயர் ஒன்று ஆகியவை இருந்தன. அந்தக் கட்டிக்குள் இருக்கும் சுற்று, பவர் பேங்கின் 5 வோல்ட்டை 8 வோல்ட்டாக உயர்த்துகிறது. 8 வோல்ட் என்ற அளவுக்குக் காரணம் உண்டு. அசல் எல்பி-ஈ6என் பேட்டரியில் 7.2 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், உள்ளே தொடராக இணைந்திருக்கும் இரண்டு லித்தியம் கலங்கள் முழுதாகச் சார்ஜ் ஆனதும் 8.4 வோல்ட் வரை காட்டும். ஆகவே 8 வோல்ட் கேமராவுக்குப் பழக்கமான அளவே.

சென்ற ஆண்டு மெலட்டூரில் நடந்தது இது. கேமராவை நிறுத்திய இடத்துக்கும் பவர் பேங்கை வைத்திருந்த இடத்துக்கும் தொலைவு இருந்ததால், கடையில் கிடைத்த இரண்டு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரை இடையில் சேர்த்திருந்தேன். முதல் இரண்டு மணி நேரம் தொல்லை ஏதும் இல்லை. பிறகு, ஹிரணியன் அடுக்கிக் கேட்க, பிரகலாதன் நிதானமாக மறுமொழி சொல்லும் தர்க்கம் சூடுபிடித்த நேரத்தில், முகத்தைச் சற்று நெருக்கிக் காட்ட லென்ஸைத் திருப்பினேன். குவியத்தைச் சரிசெய்ய லென்ஸின் மோட்டார் சுழன்றது. அந்த நொடியே திரை இருண்டது. மீண்டும் இயக்கியபோது பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கேமரா அறிவித்தது. பவர் பேங்கிலோ நான்கு விளக்குகளில் மூன்று எரிந்துகொண்டிருந்தன.

அதைவிடப் பெரிய இழப்பு வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. காணொளிக் கோப்பு ஒன்று முறையாக முடியும்போதுதான், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா அதில் எழுதி முடிக்கும். நடுவில் மின்சாரம் அறுந்தால் அட்டவணை எழுதப்படாது. எடுத்த காட்சி கார்டில் இருந்தும் வழக்கமான மென்பொருள் எதுவும் அதைத் திறக்காது. 32 ஜிபி கார்டில் 4 ஜிபிக்கு ஒரு கோப்பாக, அதாவது நான் எடுக்கும் தரத்தில் 17, 18 நிமிடத்துக்கு ஒன்றாக, இந்தக் கேமரா பிரித்து எழுதுவதால் முந்தைய பகுதிகள் தப்பின. அந்தத் தர்க்கம் முழுவதும் போயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அந்த மேடையில் பார்க்கக் கிடைக்கும் ஒன்றை இழந்த வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

பொருளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்திருந்தது. விற்றவரிடம் முறையிட்டதற்கு, வேறு பவர் பேங்கைப் பயன்படுத்திப் பாருங்கள் என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. எனவே தஞ்சாவூரில், கீழவாசல் பக்கம், ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்த்துவரும் ஒரு பெரியவரின் சிறு கடைக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சென்றேன். நான் ஏற்கெனவே மல்டிமீட்டரில் அளந்து பார்த்து 8.1 வோல்ட் சரியாக வருவதாகச் சொன்னேன். அவர் புன்னகைத்தார்.

“தம்பி, சும்மா வோல்ட் பாத்தா எல்லாம் சரியாத்தான் காட்டும். லோடு குடுத்துப் பாக்கணும்.”

மேசை இழுப்பறையிலிருந்து இருசக்கர வண்டியின் இண்டிகேட்டர் பல்புகள் இரண்டை எடுத்தார். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 10 வாட். அவற்றைப் பக்க இணைப்பாகச் சேர்த்து, டம்மி பேட்டரியின் தகடுகளில் முதலை வாய்க் கிளிப்புகளால் பிடித்து, நான் மெலட்டூரில் வைத்திருந்த அதே வரிசையில் பவர் பேங்கையும் நீட்டிப்பு ஒயரையும் மாட்டினார். பல்புகள் மஞ்சளாக எரிந்து உடனே மங்கின, மீட்டரில் 8.1 என்றிருந்த எண் 6.4க்கு இறங்கியது. இரண்டு கலங்கள் கொண்ட பேட்டரி அந்த அளவுக்கு இறங்கினால் அது காலியாகும் நிலையில் இருக்கிறது என்று பொருள். கேமரா தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது நியாயமே. நீட்டிப்பு ஒயரை மட்டும் கழற்றியபோது எண் 7.1க்கு ஏறியது. பிறகு டம்மி பேட்டரியின் ஒயரும் கட்டியிலிருந்து வரும் ஒயரும் சேரும் வட்டப் பின்னை இரு விரல்களால் இலேசாக அசைத்தார். 7.1, 6.8, 7.5, மீண்டும் 6.9 என்று எண்கள் தாவின.

இந்த இரண்டு பழுதுகளையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டம்மி பேட்டரி வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று நம்புகிறேன். முதலாவது, ஒயரின் தடிமன். மலிவான யூஎஸ்பி ஒயர்களில் பயன்படும் 28 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்) செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் மின்தடை உண்டு. இரண்டு மீட்டர் ஒயரில் மின்சாரம் போகவும் வரவும் நான்கு மீட்டர் கம்பியைக் கடக்கிறது; மொத்த மின்தடை 0.85 ஓம். கேமரா காணொளி எடுக்கையில் 7 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 வோல்ட் பக்கத்தில் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒயரிலேயே 1.3 வோல்ட் கரைந்துவிடும். 5 வோல்ட்டில் 1.3 போனால், உயர்த்தும் சுற்றுக்கு வந்து சேர்வது 3.7 வோல்ட்தான். அந்தச் சுற்றோ, குறைவாக வந்த வோல்டேஜை ஈடுகட்ட இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் ஒயரில் இழப்பு இன்னும் கூடும். லென்ஸ் மோட்டார் சுழலும் நொடியில் மொத்தமும் சரிந்து விழுவது இந்தச் சுழலால்தான். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத கதையைப் போன்றது இது: வாய்க்கால் குறுகலாக இருந்தால் மதகைத் திறந்து பயனில்லை.

இரண்டாவது, வட்டப் பின். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இந்தப் பின்களில் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருக்க, நடுத்துவாரம் 2.1 மில்லிமீட்டரிலும் 2.5 மில்லிமீட்டரிலும் வருகிறது. என் தொகுப்பில் டம்மி பேட்டரியின் பக்கம் 2.1 அளவு ஊசியும், ஒயரின் பக்கம் 2.5 அளவு துவாரமும் இருந்தன. உள்ளே போகும், பிடிக்காது. ஒரே பெட்டியில் விற்கும் இரண்டு பாகங்களில் இப்படி ஒரு பொருத்தமின்மை இருப்பதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பொருளின் மீது நான் வைக்கும் உறுதியான குற்றச்சாட்டு இதுவே.

பெரியவர் இரண்டு முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, தடித்த 20 கேஜ் ஒயரைப் போட்டு, ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும் புதிய பின்னையும் ஜாக்கையும் பற்றவைத்தார். டம்மி பேட்டரிக்கு அருகே 16 வோல்ட் தாங்கும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் சேர்த்து, மேலே ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டி இறுக்கினார். மோட்டார் சுழலும் நொடிப்பொழுதில் கேமரா அவசரமாகக் கேட்கும் மின்சாரத்தை இந்தக் கெப்பாசிட்டர் அருகிலிருந்தே தந்துவிடுகிறது. மாட்டுவதற்கு முன் மறக்காமல் பிளஸ் மைனஸைச் சரிபார்த்தார். வட்டப் பின்களில் நடுமுனை எப்போதும் பிளஸ் என்று நம்பிவிடக் கூடாது. மறுபடியும் இண்டிகேட்டர் பல்புகளை ஏற்றியபோது மீட்டர் 7.9இல் நின்று அசையவில்லை. கூலியாக அவர் கேட்டது ஒரு ஒயரின் விலைகூட இராது. நான்தான் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகு வந்த தொல்லை வேறு வகையானது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அடுத்த சில நாட்களில் கல்லணையைத் திறப்பார்கள். வறண்டு கிடக்கும் குடமுருட்டியின் மணலில் முதல் தண்ணீர் ஊர்ந்து வருவதை, அரை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக் கோத்துக் காட்ட விரும்பினேன். கேமராவைக் கரையில் நிறுத்திவிட்டு அரச மரத்தடிக்குச் சென்று அமர்ந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழே படங்கள். இம்முறை ஒயரிலோ பின்னிலோ குற்றமில்லை. இரண்டு படங்களுக்கு இடையில் கேமரா மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கிறது. செல்போனைச் சார்ஜ் செய்வதற்காக வடிவமைத்த பவர் பேங்க், போன் நிரம்பிவிட்டது என்று கருதித் தானாகவே அணைந்துவிடுகிறது. கேமராவில் தானாக அணையும் வசதியை நீக்கிவிட்டால் சில பவர் பேங்குகளில் இது தீரும், எனக்குத் தீரவில்லை. சில பவர் பேங்குகளில் குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உண்டு, பொத்தானை இருமுறை அழுத்தினால் வரும். ஆனால் பலவற்றில் அது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் கைகொடுத்தது, கடைத்தெருவில் கிடைக்கும் சிறிய யூஎஸ்பி எல்இடி விளக்கு. பவர் பேங்கின் இரண்டாவது துளையில் அதைச் செருகி எரியவிட்டால், தொடர்ந்து மின்சாரம் போய்க்கொண்டிருப்பதால் பவர் பேங்க் உறங்குவதில்லை. விளக்கு வெளிச்சம் காட்சியில் விழாதபடி துணியால் மூடிவிடுவேன், அவ்வளவுதான்.

ஆனால் வயல்வெளியில் நாள் முழுவதும் நிறுத்த வேண்டியிருந்தால் பவர் பேங்க்கைவிட நல்ல வழி ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. பயிருக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது உறங்குவதே இல்லை. அதன் 12 வோல்ட்டை 8 ஆக இறக்க எல்எம்2596 என்ற ஐசி கொண்ட சிறு பலகை போதும்; அதன் மேலிருக்கும் திருகைத் திருப்பி, மீட்டரில் பார்த்து, இண்டிகேட்டர் பல்பைச் சுமையாக ஏற்றி, 8.0க்குச் சரிசெய்த பிறகே கேமராவில் மாட்ட வேண்டும். அந்தப் பலகை பழுதானால் முழு 12 வோல்ட்டும் கேமராவுக்குப் போய்விடும் என்பதால், 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும், அதற்குப் பின்னால் 9.1 வோல்ட், 5 வாட் ஜீனர் டையோடு ஒன்றையும் போட்டுக்கொண்டேன். வோல்டேஜ் எல்லை மீறினால் ஜீனர் அதைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும், ஃபியூஸ் எரிந்துபோகும், கேமரா தப்பும். இதைச் செய்யத் தெரியாதவர்கள் பவர் பேங்கோடு நின்றுகொள்வது நல்லது. 12 வோல்ட் அடாப்டரை நேரடியாக மாட்டிப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

தொகுப்பில் வந்த சுவர் அடாப்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கும்பகோணத்தில் ஒரு திருமணத்தின் நாகஸ்வரக் கச்சேரியை, ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து நேரடியாக ஒலி எடுத்துப் பதிவு செய்தபோது அதைப் பயன்படுத்தினேன். சுருதிப் பெட்டியின் ஆதார சட்ஜத்துக்கு அடியில், அதோடு சேராத ஓர் இரைச்சல் கச்சேரி முழுவதும் முனகிக்கொண்டே இருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டில் நொடிக்கு 50 முறை அலைவது. அதன் கசிவு அடாப்டர் வழியாகக் கேமராவுக்கும், அங்கிருந்து ஒலி ஒயர் வழியாக மிக்சரின் எர்த்துக்கும் போய் ஒரு சுற்றை முடித்துக்கொள்கிறது. இரண்டு முள் கொண்ட மலிவான அடாப்டர்களில் இந்தக் கசிவு அதிகம். ஸ்டாண்டின் உலோகத் தலையில் புறங்கையை மெதுவாகத் தேய்த்தால் எறும்பு ஊர்வது போன்ற ஒரு குறுகுறுப்பு தெரியும், அதுதான் அடையாளம். அடாப்டரைக் கழற்றிப் பவர் பேங்கை மாட்டியதும் இரைச்சல் அடியோடு நின்றது. கோயில் விழாக்களில் ஜெனரேட்டர் மாற்றும்போது விளக்குகள் ஒரு நொடி அணைந்து எரியும். அந்த ஒரு நொடியும் சுவர் அடாப்டரை நம்பிய பதிவுக்கு ஆபத்தே. ஆகவே அந்த அடாப்டர் இப்போது என் பையில் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் இன்னும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். அசல் பேட்டரியில் இருக்கும் சில்லு இதில் இல்லாததால், இயக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரியோடு தொடர்புகொள்ள இயலவில்லை என்ற அறிவிப்பு என் கேமராவில் வருகிறது. சம்மதம் என்று அழுத்தினால்தான் மேலே போகும். மின்சாரம் ஒருமுறை அறுந்து திரும்பினால் கேமரா தானாக வேலையைத் தொடராது என்பதே இதன் பொருள். எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்பதும் திரையில் தெரியாது; பவர் பேங்கின் விளக்குகளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தவிர, இந்தக் கேமரா ஒரு காணொளியை 29 நிமிடம் 59 நொடியில் தானாகவே முடித்துக்கொள்ளும், எந்த மின்சாரம் கொடுத்தாலும் அது மாறாது. எனவே பக்கத்தில் ஓர் ஆள் விழித்திருப்பது கட்டாயம். பவர் பேங்கின் அளவைக் கணக்கிடும்போது, அதன் மேல் எழுதியிருக்கும் 20000 மில்லி ஆம்பியர் மணி என்ற எண் உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கலத்துக்கு உரியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது 74 வாட் மணி. உயர்த்துவதில் ஏற்படும் இழப்புகள் போக, காணொளிக்கு ஏழு மணி நேரத்தை எதிர்பார்க்கலாம். என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

யூஎஸ்பி-சி துளை வழியாகவே இயங்கும் புதிய கேமராவை வைத்திருப்பவர்களுக்கு டம்மி பேட்டரியே பெரும்பாலும் தேவைப்படாது. கேமரா கேட்கும் 9 வோல்ட்டைத் தரக்கூடிய ‘பவர் டெலிவரி’ (பி.டி.) வகைப் பவர் பேங்கும், நல்ல ஒயரும், உள்ளே ஓர் அசல் பேட்டரியும் இருந்தால் போதும். என்னைப் போலப் பழைய கேமராவை விட மனமில்லாதவர்களுக்குத்தான் இந்தப் பொருள். அவர்கள் இதை வாங்கலாம் என்றே சொல்வேன்: கட்டைக்காகவும் உயர்த்தும் சுற்றுக்காகவும் மட்டும். அவை இரண்டும் ஓராண்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தப் பக்கத்து ஈரக் காற்றில் தகடுகள் கறுத்தபோது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்ததோடு சரி. ஒயரையும் பின்னையும் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு மெலட்டூரில் நீட்டிப்பு ஒயர் இல்லை. பவர் பேங்கை ஒரு துணிப்பையில் போட்டு, காற்றுப் படும்படி ஸ்டாண்டின் காலிலேயே கட்டித் தொங்கவிட்டேன். வட்டப் பின்னின் மேல் ஒட்டும் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒயரை ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். சட்டைப் பையில் அசல் பேட்டரி ஒன்று தயாராக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை பதிவை நிறுத்தித் தொடங்குவதைத் தவிர நள்ளிரவுக்குப் பின் கேமராவைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஹிரணியனின் கேள்விகளும் பிரகலாதனின் மறுமொழிகளும் இம்முறை முழுமையாகக் கார்டில் ஏறின. தூண் பிளந்தபோது பவர் பேங்கில் ஒரு விளக்கு மிச்சமிருந்தது.